பழைய தழும்பும் புதிய கத்தியும்

விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1912-இல் சிறையிலிருந்து வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோயோடு வந்தார். 1908-இல் வ.உ.சி.யோடு கைதாகி உள்ளே போனபோது அவருக்கு வயது 23. தொழுநோயாளிகள் ரயிலில் ஏறக் கூடாது என்று அரசு தடுத்ததால், பிறகு ஊர் ஊராகக் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் போய்ப் பேசினார். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் பாரத ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப முனைந்தார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்புவதற்குள், 1925 ஜூலை 23 அன்று, சிவா அதே ஊரில் காலமானார். வயது 40.

இதைத் தியாக வரலாறாகப் படித்து வளர்ந்திருக்கிறோம். மருத்துவ வரலாறாகவும் படிக்கலாம். நாற்பது வயதுக்குள் ஒரு மனிதர் சிறைக் கொடுமையையும், தோலைத் தின்னும் நோயையும், அந்தத் தோலைக் கண்டு ரயிலில் இடம் மறுத்த சட்டத்தையும் சேர்த்தே சுமந்தார். அவர் மனத்துக்குள் நடந்ததற்கு இன்றைய நோய்ப்பெயர் ஒன்றைச் சூட்ட எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த மூன்று சுமைகளும் தனித்தனியாக வருவதில்லை என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. தோல் புற்றுநோய்க்கு அறுவை முடித்து வீடு திரும்பும் தமிழ்நாட்டு நோயாளியைப் புரிந்துகொள்ள அந்தச் சேர்க்கைதான் முதல் படி என்று நினைக்கிறேன்.

தோல் புற்றுநோய் என்றதும் மேலைநாட்டு மருத்துவ நூல்கள் வெயிலைப் பற்றிப் பேசும். வெள்ளைத் தோல் மக்கள் மிகுந்த நாடுகளில் மிக அதிகமாக வரும் புற்றுநோய் அதுவே. நம் தோலில் உள்ள மெலனின் அந்த வெயிலைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. இங்கே புற்றுநோய்களின் மொத்தக் கணக்கில் தோலின் பங்கு மிகச் சிறியது. நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்களுக்கு மூக்கோரத்திலும் கண்ணோரத்திலும் வருவது உண்டு. உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும் மெலனோமா உண்டு. நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் குடும்பங்களில், வெயிலையே தாங்காத பிறவித் தோல் நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்கு இளமையிலேயே வருவதும் உண்டு. ஆனால் இந்திய மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து எழுதிவந்த தோல் புற்றுநோய்களில் பல, வெயிலைவிட வடுவோடு தொடர்புடையவை. காஷ்மீரில் குளிருக்காக உடையின் உள்ளே வைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற கனல் சட்டி வயிற்றையும் தொடையையும் ஆண்டுக்கணக்கில் சுட்டு, அந்த இடத்தில் புற்று வருவதை ஸ்ரீநகர் மிஷன் மருத்துவர்கள் நூறாண்டுக்கு முன்பே பதிவு செய்தார்கள். இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் தோல் உரசிப் புண்ணாகி வரும் புற்றுநோயைப் பற்றி பம்பாய் ஆய்வாளர்கள் கனோல்கரும் சூர்யாபாயும் 1945-இல் எழுதினார்கள். பாவாடை நாடா அழுத்தும் இடத்தில் பெண்களுக்கு வருவது பின்னர் பதிவானது.

இவற்றோடு சேர்த்து நினைக்க வேண்டியது மார்ஜோலின் புண். பழைய தீக்காயத் தழும்பிலோ பல ஆண்டுகளாக ஆறாத புண்ணிலோ கிளம்பும் புற்றுநோய் இது. தழும்பில் வளரும் இத்தகைய புண்ணை 1828-இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஜான் நிக்கோலா மார்ஜோலின் பெயரால் அழைக்கப்படுகிறது. தீக்காயத் தழும்புகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டில் வரலாம். நெருப்புப் பட்ட நாளுக்கும் புற்று கிளம்பும் நாளுக்கும் இடையே சராசரியாக 30 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. சாதாரணத் தோல் புற்றைவிட இது வேகமாக நெறிக்கட்டுகளுக்குப் பரவக்கூடியது. தொழுநோயால் உணர்ச்சி மரத்துப்போன பாதத்தில் நாட்பட்டு நிற்கும் குழிப்புண்ணிலும் இதே புற்று வரும். சிவாவைப் போன்றவர்களுக்கு 1920-களில் மருந்தே கிடையாது; தொழுநோயைக் குணப்படுத்தும் முதல் மருந்துகள் 1940-களில்தான் வந்தன. இன்று பாக்டீரியா மாத்திரையில் செத்துவிடுகிறது. நரம்பு பட்டுப்போன கால் அப்படியேதான் இருக்கிறது.

தீக்காயத்தைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். 2001-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயில் இறந்தவர்கள் 1,63,000-க்கும் மேல் என்றும், அவர்களில் ஏறத்தாழ 1,06,000 பேர் பெண்கள் என்றும் 2009-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இறந்த பெண்களில் பெரும்பாலோர் 15 முதல் 34 வயதுக்குள் இருந்தவர்கள். சேலை நுனியில் பற்றிய ஸ்டவ் நெருப்பு, அடுப்பங்கரை விபத்து என்று காவல் நிலையத்தில் எழுதப்பட்டு வேறு எதுவோ ஆன நெருப்பு, தானே ஊற்றிக்கொண்ட மண்ணெண்ணெய்: எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. இறந்தவர்களைப் பற்றித்தான் எண்கள் பேசும். பிழைத்தவர்கள் கழுத்தும் மார்பும் முழங்கையும் சுருங்கிய தோலோடு வீடு திரும்பினார்கள். அவர்களில் அன்று இருபது வயதாக இருந்தவர்களுக்கு இன்று நாற்பதைத் தாண்டியிருக்கும். மார்ஜோலின் புண் வரும் காலத்துக்குள் அந்தத் தலைமுறை இப்போதுதான் நுழைந்துகொண்டிருக்கிறது.

ஆகவே தோல் புற்றை அகற்றும் அறுவையில் கத்தி படும் தோல் பல நேரங்களில் வெறும் தோல் அல்ல. அங்கே ஏற்கெனவே ஒரு நாள் பதிந்திருக்கிறது.

பி.டி.எஸ்.டி. என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் மனவடு நோய், உயிருக்கு ஆபத்தான நிகழ்வு முடிந்த பிறகும் உடம்பு அதை முடியாததாகவே நடத்துவது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நினைவு அழைக்காமலே வந்து மோதும். கனவாக, சில சமயம் பட்டப்பகலில் மறுபடி நடப்பதைப் போலவே வரும். அதை எழுப்பக்கூடிய இடம், ஆள், வாசனை, பேச்சு எல்லாவற்றையும் மனிதர் தவிர்ப்பார். தன்மேலும் உலகத்தின்மேலும் நம்பிக்கை போய்விடும். சிறு சத்தத்துக்கும் துள்ளி விழுவார், தூக்கம் இருக்காது. ஒரு மாதத்துக்கு மேல் இது நீடித்து, வாழ்க்கையை முடக்கினால் அது நோய். ஒரு மாதத்துக்குள் வருவதற்கு வேறு பெயர் உண்டு.

புற்றுநோயே இப்படியொரு அதிர்ச்சிதானா என்பதில் மனநல மருத்துவர்களுக்குள் நெடிய வாதம் நடந்திருக்கிறது. 1994-இல் வந்த பட்டியல் உயிருக்கு ஆபத்தான நோயையும் அதிர்ச்சிக் காரணமாக ஏற்றுக்கொண்டது. 2013-இல் வந்தது அதைச் சுருக்கியது: அறுவையின் நடுவே விழித்துக்கொள்வது போன்ற திடீர்ப் பேராபத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், நோய் அறிவிப்பு மட்டும் போதாது என்றது. என் பார்வையில் அந்தச் சுருக்கம் நம் நோயாளிகளுக்குப் பொருந்தவில்லை. போரோ விபத்தோ பின்னால் கிடக்கும் ஆபத்து. புற்றுநோய் உடம்புக்குள்ளேயே உட்கார்ந்து எதிர்காலத்தைக் காட்டிப் பயமுறுத்தும் ஆபத்து. அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் எட்மண்ட்ஸன் நோயால் வரும் மனவடுவை இப்படித்தான் விளக்குகிறார். ஓடித் தப்பிக்க வழியில்லை, ஏனென்றால் ஆபத்து இருக்கும் இடம் சொந்த உடம்பு. தழும்பில் புற்று வந்தவருக்கோ இரண்டும் உண்டு. பின்னால் நெருப்பு, முன்னால் புற்று.

மலேசியாவில் செய்த ஆய்வு ஒன்று இங்கே உதவும். பல வகைப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 469 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறாம் மாதத்தில் 21.7 சதவீதம் பேருக்கு மனவடு நோய் இருந்தது. நான்கு ஆண்டுகளில் அது 6.1 சதவீதமாகக் குறைந்தது. பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் தொடக்கத்தில் நோய் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் அது தணியவில்லை, சிலருக்கு முற்றியிருந்தது. மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்கு ஆறாம் மாதத்தில் மற்றவர்களைவிட மிகக் குறைவாகவே இருந்தது. அந்த மருத்துவமனையில் மார்பகப் புற்றுக்கென்று ஆலோசனையும் ஆதரவும் தனியாகத் தந்துவந்ததை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

இனி அறுவை அரங்கு. தோல் புற்றை அகற்றும்போது பல நேரங்களில் நோயாளி முழு நினைவோடு இருப்பார். மரத்துப்போக ஊசி போட்டு, முகத்தின்மேல் பச்சைத் துணி விரித்து, கையை அசைக்காமல் இருக்கச் சொல்லி, சுற்றிலும் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். இரத்தக் குழாய்களை அடைக்க மின்சாரக் காட்டரியால் சுடுவார்கள். அப்போது எழும் புகைக்கு ஒரு வாசனை உண்டு: கருகும் சதையின் வாசனை. மருத்துவருக்கு அது அன்றாடம். முப்பது ஆண்டுக்கு முன் அடுப்படியில் எரிந்த பெண்ணுக்கு அது அன்றாடம் அல்ல. மூளையில் வாசனை போய்ச் சேரும் பாதை, அச்சத்தையும் நினைவையும் ஆளும் பகுதிகளுக்கு மிக அருகில் ஓடுகிறது. வலியில்லாமல் முடிந்த அறுவை என்று அறிக்கையில் எழுதப்படும் அந்த அரை மணி நேரத்தில், துணிக்கு அடியில் அவர் இரண்டாம் முறை எரிந்திருக்கலாம். புகையை உறிஞ்சும் குழாயைக் காயத்தோரமே பிடித்துக்கொள்வது, “இப்போது ஒரு வாசனை வரும், அது இந்தக் கருவியால் வருவது” என்று முன்னாலேயே சொல்லிவிடுவது, தேவைப்பட்டால் முழு மயக்கம் கொடுப்பது: முழு மயக்கம் தவிர, செலவே இல்லாத அல்லது மிகக் குறைந்த செலவுள்ள வழிகள் இவை. ஆனால் தழும்பு எப்படி வந்தது என்று முன்பே கேட்டிருந்தால்தான் இவற்றைச் செய்யத் தோன்றும்.

அகற்றிய இடம் பெரிதாக இருந்தால் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டுவார்கள். ஒட்டிய தோல் முதல் இரண்டு நாள் அடியிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிழைக்கிறது. மூன்றாம் நாளளவில் புதிய நுண்குழாய்கள் அதற்குள் வளரத் தொடங்கும். ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். இந்த ஐந்து நாளில் உடம்பு அமைதியாக இருக்க வேண்டும். மனவடு நோயுள்ளவரின் உடம்போ எச்சரிக்கை மணி அடித்தபடியே இருக்கும். தூக்கமில்லை. அட்ரினலின் வகைச் சுரப்புகள் தோலின் குழாய்களைச் சுருக்குகின்றன. கொடுங்கனவைத் தள்ளிப்போட பீடியும் மதுவும் துணைக்கு வந்தால், நிகோடின் அதே குழாய்களை இன்னும் நெருக்கும்.

மனம் காயத்தை ஆறவிடாமல் தடுக்குமா என்ற கேள்விக்கு அளந்து பார்த்த பதில்கள் இருக்கின்றன. மறதி நோயாளிகளைப் பராமரித்து ஓய்ந்துபோன 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் சிறு தோல் துண்டை எடுத்து, அதே வயதுடைய வேறு 13 பெண்களோடு ஒப்பிட்டார் ஆய்வாளர் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர். 1995-இல் வெளியான அந்த ஆய்வில், பராமரித்தவர்களின் காயம் ஆற ஏறத்தாழ ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. இன்னொரு ஆய்வில், பல் மருத்துவ மாணவர்களுக்கு அண்ணத்தில் போட்ட சிறு காயம், விடுமுறையில் ஆறியதைவிடத் தேர்வுக் காலத்தில் ஆற 40 சதவீதம் கூடுதல் நாள் பிடித்தது. நாட்பட்ட கவலையில் கூடும் கார்ட்டிசால், காயத்துக்கு முதலில் வந்து சேர வேண்டிய எதிர்ப்புச் செல்களின் சமிக்ஞையை மட்டுப்படுத்துகிறது. ஆனால் இதை அப்படியே மனவடு நோய்க்குப் பொருத்திவிடக் கூடாது. மனவடு நோயாளிகளில் பலருக்குக் கார்ட்டிசால் குறைந்தே இருப்பதை ஆய்வாளர் ரேச்சல் யெஹூடாவின் ஆய்வுகள் காட்டின. கவலையும் மனவடுவும் ஒரே பாதையில் காயத்தைத் தொடுவதில்லை. காயம் ஆறுவதைக் கெடுப்பதில் சுரப்புகளைவிடத் தவிர்த்தலுக்கே பெரிய பங்கு என்று கருதுகிறேன்.

ஏனென்றால் தோல் அறுவைக்குப் பிறகு நோயாளி செய்ய வேண்டியவை எல்லாம் தழும்பைப் பார்க்கச் சொல்பவை, தொடச் சொல்பவை. கட்டு மாற்ற வேண்டும். எண்ணெய் தடவி நீவிவிட வேண்டும். தோல் சுருங்காமல் இருக்க இறுக்கமான உறையை மாதக்கணக்கில் போட வேண்டும், மூட்டை நீட்டி மடக்க வேண்டும். மீண்டும் புற்று வருகிறதா என்று தழும்பையும் அக்குளையும் தொடையிடுக்கையும் தானே தடவிப் பார்க்க வேண்டும். நினைவை எழுப்பும் எதையும் தவிர்ப்பதே நோயாக உள்ளவரிடம், நினைவு குடியிருக்கும் இடத்தைத் தினமும் தொடச் சொல்கிறோம். கண்ணாடியைத் திருப்பி வைப்பவர்கள், கட்டு மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள், மகளிடம்கூடக் காட்டாதவர்கள் உண்டு. சொல்பேச்சுக் கேட்காதவர் என்று வார்டில் அவர்களைத் திட்டுவதும் உண்டு.

வலியும் இதோடு பின்னிக்கொள்கிறது. தோல் எடுத்த தொடை, ஒட்டிய இடத்தைவிட அதிகமாக வலிக்கும். பழைய தீக்காயத்துக்கு ஒட்டுவதற்காக அந்தத் தொடை முன்னமே சீவப்பட்டிருந்தால், அந்த வலி புதிதல்ல. ஒவ்வொரு குத்தலும் பழைய வார்டுக்குக் கொண்டுபோய்விடும். நினைவு வலியைக் கூட்டும், வலி நினைவைக் கூட்டும். வலிக்கும் கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டால் தற்காலிக நிம்மதி. மூட்டு இறுகிப்போவது பிறகுதான் தெரியும்.

முகத்தில் தழும்பு உள்ளவர்களுக்கு ஊர் தரும் பங்கும் இருக்கிறது. பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். விசேஷ வீட்டில் பரிமாறக் கூப்பிட மாட்டார்கள். “கேன்சர் ஒட்டிக்குமா?” என்ற கேள்வியை இன்றும் கேட்கலாம். தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்ட இந்துத் திருமணச் சட்டம் 1955 முதல் இடம் தந்தது. 2019-இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. சிவாவை ரயிலில் ஏற்றாத மனநிலை சட்டப் புத்தகத்தை விட்டுப் போக அத்தனை காலம் பிடித்தது என்றால், வீட்டுத் திண்ணையை விட்டுப் போக எவ்வளவு பிடிக்கும்? வேலூரில் 1940-களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய பால் பிராண்ட், கை சரியான பிறகும் வாழ வழியில்லாமல் நின்றவர்களைப் பார்த்தார். தொழிலும் தங்குமிடமும் சேர்த்துக் கொடுக்கும் புது வாழ்வு மையத்தை அதன் பிறகே தொடங்கினார். அறுவை மருத்துவர் ஒருவர் கத்திக்கு வெளியே உள்ள பாதியைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டதற்கு நம் மண்ணிலேயே இருக்கும் சான்று இது.

சிகிச்சை இருக்கிறது. அதிர்ச்சியை மையமாக வைத்துப் பேச்சால் செய்யும் சிகிச்சை, கண்ணசைவு வழிச் சிகிச்சை, செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் எல்லாம் சோதித்துப் பயன் கண்டவை. தமிழில் பேசிச் செய்யும் சிகிச்சை பலிக்குமா என்ற ஐயத்துக்கு இலங்கையின் வடகிழக்கில் விடை உண்டு. போரையும் 2004 சுனாமியையும் கண்ட 31 குழந்தைகளுக்கு, அந்த மண்ணிலேயே பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். நடந்ததை வரிசையாகச் சொல்லவைத்த குழுவில் ஆறு மாதத்துக்குப் பின் 81 சதவீதமும், தியானமும் உடல் தளர்த்தலும் கற்ற குழுவில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். உளவியல் பட்டம் பெற்றவர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் படுவது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவருவதைப் போல, தமிழ் நோயாளி மனத்தைப் பற்றிக் கேட்டால் உடம்பைப் பற்றிப் பதில் சொல்வார்: நெஞ்சு அடைக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, தலை பாரமாக இருக்கிறது என்று. தோல் அறுவை முடிந்தவர் எரிகிறது என்றால் எல்லோரும் காயத்தைத்தான் பார்ப்பார்கள்.

பாப்பாரப்பட்டியில் உள்ளவருக்கு இந்த உதவி எங்கே கிடைக்கும்? அறுவைக்குத் தருமபுரி மருத்துவக் கல்லூரிக்கோ சேலத்துக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும்தான் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனை. ஆறாத தழும்புப் புண் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வீடு தேடி வரும் கைகள் இருக்கின்றன. பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வருகின்றன. அதே ஊழியர் கட்டுப் பிரிக்கும்போது இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கலாம்: “ராத்திரி தூக்கம் வருதாம்மா? பழசு ஏதாச்சும் ஞாபகம் வந்து பயமுறுத்துதா?” ஆம் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுப்பலாம், அல்லது அங்கேயே 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு அழைத்துப் பேசவைக்கலாம். முதல் கேள்வியைத் தையல் பிரிக்கும் நாளில் கேட்க வேண்டும்; ஒரு மாதம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும், ஏனென்றால் நோயா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும்.

கேட்கக் கூடாத முறையும் இருக்கிறது. நெருப்பு எப்படிப் பற்றியது என்ற கேள்வியைக் கணவரோ மாமியாரோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால், ஸ்டவ் வெடித்தது என்ற பழைய பதிலே வரும். அந்தப் பதிலை முப்பது ஆண்டு காப்பாற்றியதும் அவர் சுமையின் ஒரு பகுதியாக இருக்கலாம். தனியாகக் கேட்க வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிட வேண்டும்.

மார்ஜோலின் புண் திரும்ப வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வரும். சில மாதங்களுக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டிய காலம் அதுவே. மனவடு நோயாளி மருத்துவமனை வாசலைத் தவிர்க்கும் காலமும் அதுவே. வராதவர் பெயருக்கு நேரே பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதி அடுத்த பெயருக்குப் போய்விடுகிறோம். அக்கறையில்லை, ஏழை, தூரம் என்று காரணமும் நாமே எழுதிக்கொள்கிறோம். தூரமும் பேருந்துக் காசும் உண்மைதான். ஆனால் பழைய தழும்பில் அறுவை செய்துகொண்ட ஒருவர் வராமல் இருப்பதே நோயின் அறிகுறியாக இருக்கக்கூடும். அந்தப் பெயரை அவர் ஊர்ச் செவிலியரிடம் அன்றைக்கே சொல்லி அனுப்புவது, தோல் துண்டைச் சோதனைக்கு அனுப்புவதைப் போலவே அறுவை மருத்துவரின் வேலையில் சேர்ந்தது.